பெட்ரோல் விலை ஏறினாலும் படகை இறக்கலாம்

2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதமே மாநில அரசு மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது. பிறகு மறுபடி ஏறியது, கொஞ்சம் இறங்கியது. காரில் போகிறவர் முணுமுணுத்துவிட்டு டேங்கை நிரப்பிக்கொள்வார். பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவரால் அது முடியாது. 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) ஒன்றை முழு வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 15 லிட்டர் குடிக்கும். அதாவது 1,500 ரூபாய், ஒரே மணி நேரத்தில்.

விலை ஏறியதும் பலர் செய்வது படகைக் கரையில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது. அதில் மிச்சம் எதுவும் கிடைக்காது. ஓடாத எஞ்சினில் பெட்ரோல் கெடும், பம்ப் ரப்பர் இறுகும், உப்பு உள்ளேயே உறையும். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது மெக்கானிக்குக் கொடுக்கும் பணம், மிச்சம் பிடித்த பெட்ரோல் காசை விழுங்கிவிடும். படகை ஓட்டுங்கள், லிட்டருக்கு எவ்வளவு தூரம் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். கீழே சொல்வதெல்லாம் 18 முதல் 22 அடி நீளமுள்ள ஃபைபர் படகு, 25 முதல் 60 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு என்ற கணக்கில்தான். முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகங்களிலும் கரையோரக் கடலிலும் சுற்றுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

முதலில் அளந்து பாருங்கள்

எஞ்சின் முழு வேகத்தில் எவ்வளவு குடிக்கும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுக்குக் குதிரைத்திறனை 0.38 ஆல் பெருக்குங்கள். வருவது மணிக்கு லிட்டர். கார்புரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக்கானால் 0.5 ஆல் பெருக்கலாம். உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினுக்கு 0.2 போதும். ஆனால் இது முழு வேகக் கணக்கு மட்டும். உங்களுக்குத் தேவையான எண் வேறு: ஒரு கடல் மைலுக்கு (1.85 கிலோமீட்டர்) எத்தனை லிட்டர்? அதை எந்தக் கையேடும் சொல்லாது, ஏனென்றால் உங்கள் படகின் எடையும் அடிப்பாகமும் அதற்குத் தெரியாது. நீங்களே அளக்க வேண்டும்.

எரிபொருள் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோ மீட்டர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டி எடை பார்க்கும் கொக்கி வைத்த மின்னணுத் தராசு ஒன்று போதும். 10 கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும் தராசாக இருக்கட்டும். கூடவே 12 லிட்டர் கைடேங்க் ஒன்று, கைபேசியில் ஜிபிஎஸ்.

முதல் வேலை, ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து எடைபோடுவது. 730 கிராமிலிருந்து 760 கிராமுக்குள் ஏதோ ஒரு எண் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள். டேங்கைக் கரையில் அல்லது ஆடாத இறங்குதுறையில் தொங்கவிட்டு எடை பாருங்கள். மிதக்கும் படகில் தொங்கவிட்டால் எண் நிற்காது. எரிபொருள் குழாயைக் கழற்றும்போது குழாய்க்குள் பெட்ரோல் நிறைந்தே இருக்கட்டும், முன்னும் பின்னும் ஒரே நிலை வேண்டும்.

காற்று இல்லாத அதிகாலையில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமானோடும் கிளம்புங்கள். ஒரு வேகத்தைப் பிடித்து ஆறு நிமிடம் ஒரு திசையில் போய், திரும்பி அதே வேகத்தில் ஆறு நிமிடம் வாருங்கள். இரண்டு திசை வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நீரோட்டத்தின் பங்கு கழிந்துவிடும். மொத்தம் 12 நிமிடம், ஆக குறைந்த பெட்ரோலை ஐந்தால் பெருக்கினால் மணிக் கணக்கு. எடை 1.2 கிலோ குறைந்திருக்கிறது, லிட்டர் 750 கிராம் என்றால் 1.6 லிட்டர்; மணிக்கு 8 லிட்டர். சராசரி வேகம் 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) என்றால் கடல் மைலுக்கு அரை லிட்டர். கிலோமீட்டரில் சொன்னால் லிட்டருக்கு 3.7. இப்படி நான்கு வெவ்வேறு ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) அளந்துவிட்டால் படகின் ஜாதகமே கையில் வந்துவிடும்.

40 குதிரைத்திறன் வைத்த 20 அடிப் படகுக்கு அந்தக் கணக்கு எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வடிவம் இதுதான்:

1,500 ஆர்பிஎம்: 5 நாட், மணிக்கு 2 லிட்டர், மைலுக்கு 0.4 லிட்டர்
2,800 ஆர்பிஎம்: 8 நாட், மணிக்கு 6.5 லிட்டர், மைலுக்கு 0.81 லிட்டர்
4,000 ஆர்பிஎம்: 16 நாட், மணிக்கு 8 லிட்டர், மைலுக்கு 0.5 லிட்டர்
5,500 ஆர்பிஎம்: 22 நாட், மணிக்கு 15 லிட்டர், மைலுக்கு 0.68 லிட்டர்

அணியம் தூக்கி நிற்கும் வேகம்

மேலே இரண்டாவது வரியைப் பாருங்கள். முழு வேகத்தைவிட அதில்தான் மைலுக்கு அதிகம் குடிக்கிறது. "மெதுவாகப் போனால் மிச்சம்" என்று முறுக்குப்பிடியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

படகு நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வரை அதற்கு ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவது அந்த எல்லை, நாட் கணக்கில். 18 அடிக்கு 5.7 நாட். அதைத் தாண்ட முயலும்போது படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கும். அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமிழும், பின்னால் பெரிய அலை ஒன்று சுவர்போல் துரத்தி வரும். எஞ்சின் திணறும். இன்னும் வேகம் கொடுத்தால் படகு அந்தத் திட்டைத் தாண்டி நீரின் மேலே சறுக்க ஆரம்பிக்கும். அணியம் தாழும், பின்னலை தட்டையாகும், அதே பிடியில் வேகம் தானாகக் கூடும்.

ஆகவே இரண்டு வேகங்கள்தான் உங்களுக்கு. ஒன்று, எல்லைக்கு ஒரு நாட் கீழே: மேற்சொன்ன படகுக்கு 5 நாட்டுக்குள். மற்றொன்று, சறுக்க ஆரம்பித்தபின் அது விழாமல் நிற்கும் குறைந்த வேகத்துக்கு இரண்டு மூன்று நாட் மேலே. நடுவில் நிற்காதீர்கள். சறுக்கலுக்கு ஏற்றும்போது தயங்கித் தயங்கி ஏற்றாமல் நல்ல பிடி கொடுத்து ஏற்றி, அணியம் தாழ்ந்ததும் குறைத்துக்கொள்ளுங்கள். பாரம் அதிகமாகிச் சறுக்கவே மறுக்கிறது என்றால் அன்றைக்கு 5 நாட்தான் என்று ஒப்புக்கொள்வது நல்லது.

30 கடல் மைல் சுற்றுக்கு மேற்கண்ட எண்களைப் போட்டுப் பாருங்கள். 5,500 ஆர்பிஎம்மில் 20 லிட்டருக்கு மேல், 4,000 இல் 15 லிட்டர். அரை மணி நேரம் கூடுதலாகக் கடலில் இருக்கிறீர்கள், 500 ரூபாய்க்கு மேல் மிச்சம். கடலில் இருக்கத்தானே போனோம்?

அடியில் ஒட்டியிருப்பது

உப்புநீரில் கட்டியே போட்டிருக்கும் படகில் முதலில் வருவது கைக்கு வழுவழுப்பாகத் தெரியும் மெல்லிய பாசி. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டத்திலேயே வேகம் குறையத் தொடங்கும். நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரங்களில் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் சிறு ஓட்டுயிர்) பிடிக்கும். அரிசி அளவில் இருக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் ஒரே இழுப்பில் வரும். நாணய அளவு ஆகிவிட்டால் ஓடு உடைந்து வெள்ளை வட்டம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த வட்டத்தையும் எடுக்காவிட்டால் அடுத்த கூட்டம் அதன்மேலேயே வந்து உட்காரும். இரும்புச் சுரண்டி வேண்டாம். மேல்பூச்சு கீறினால் உள்ளே ஃபைபர் தண்ணீர் குடிக்கும், படகு நிரந்தரமாகக் கனக்கும்.

படகை வண்டியில் ஏற்றிக் கரையில் வைப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. தண்ணீரிலேயே இருந்தாக வேண்டும் என்றால் பாசிதடுப்புப் பெயின்ட் அடியுங்கள். தாமிரம் கலந்த பெயின்டை ஃபைபரில் அடிக்கலாம். அவுட்போர்டின் அலுமினியக் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அதன் கீழ்ப்பகுதியில், அடிக்கக் கூடாது. உப்புநீரில் தாமிரமும் அலுமினியமும் சேர்ந்தால் மின்னரிப்பில் அலுமினியம் மாவாக உதிரும். கட்டும்போது எஞ்சினை முழுக்கத் தூக்கி, கால் தண்ணீரைவிட்டு வெளியே நிற்கும்படி பூட்டுங்கள். குளிர்நீர் உறிஞ்சும் துளைகளுக்குள் பிடித்த கொட்டலசை வெளியிலிருந்து பார்க்க முடியாது, எஞ்சின் சூடேறும்போதுதான் தெரியும்.

விசிறி சரியாக இருக்கிறதா

மேலே அளந்த எண்கள் மோசமாக வந்தால், அடிப்பாகம் சுத்தம் என்றால், அடுத்த சந்தேகம் புரொப்பல்லர் என்ற விசிறியின் மேல்தான்.

வழக்கமான பாரத்தோடு முழுப் பிடி கொடுத்து ஆர்பிஎம் பாருங்கள். பல 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக்குகளுக்கு 5,000 முதல் 6,000 என்று கையேடு சொல்லும். உங்களுடையது 4,600 இல் நின்றுவிட்டால் விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், அதிகம். டாப் கியரில் மேடேறும் வண்டி மாதிரி எஞ்சின் திணறிக்கொண்டே குடிக்கும். பிட்ச் ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். ஆக மேலே சொன்ன எஞ்சினுக்கு இரண்டு மூன்று அங்குலம் குறைந்த விசிறி தேவை. கையேட்டு அளவைத் தாண்டிச் சுற்றினால் எதிர்த்திசையில் யோசியுங்கள்.

விசிறி தண்ணீரில் பிடிப்பின்றி வீணாகச் சுற்றும் பங்கான நழுவலையும் கணக்கிடலாம். ஆர்பிஎம்மைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 1,215 ஆல் வகுத்தால் நழுவலே இல்லாதபோது கிடைக்க வேண்டிய நாட் வரும். 5,500 ஆர்பிஎம், விகிதம் 2, பிட்ச் 12 என்றால் 27 நாட். ஜிபிஎஸ் 23 காட்டுகிறது என்றால் நழுவல் 15 சதவீதம். சறுக்கும் படகுக்கு 10 முதல் 20 வரை நல்ல நிலை. 30 ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு: இதழ் வளைந்திருக்கும், மணலில் உரசி விளிம்பு மழுங்கியிருக்கும், எஞ்சின் உயரம் தவறாக இருக்கும், அல்லது நடுவிலுள்ள ரப்பர் புஷ் நழுவும்.

புஷ் நழுவுவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. விசிறியின் பின்பக்கத்தில், உள்ளே இருக்கும் பித்தளைக் குழலிலிருந்து ரப்பர் வழியாக வெளி உலோகம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை என்ற புகார்களில் பாதிக்கு விடை இந்தக் கோட்டில் இருக்கும்.

விசிறியைக் கழற்றும்போதெல்லாம் தண்டின் அடியில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய நைலான் நரம்பு சீலை அறுத்து உள்ளே தண்ணீரை விடும். கியர் எண்ணெயைச் சொட்டு எடுத்துப் பார்த்தால் பால் கலந்த காபி நிறம் தெரியும். அப்படித் தெரிந்தால் சீலை மாற்றும் வரை படகை இறக்காதீர்கள். கியர் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் சீல் ஒன்றுமே இல்லை.

எஞ்சின் உயரத்துக்கு வருவோம். விசிறிக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, படகின் ஏரா (அடியில் நீளவாக்கில் ஓடும் நடுமுதுகு) அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஆழமாக இருந்தால் காலின் அந்த நீளம் முழுவதும் வீண் இழுவை. ஓடும்போது எட்டிப் பார்த்தால், சரியான உயரத்தில் அந்தத் தகடு நீர்ப்பரப்பை ஒட்டித் தெரியும். எஞ்சினை மாட்டும் துளைகளில் ஒரு துளை உயர்த்திப் பாருங்கள். திருப்பும்போது விசிறி காற்றைப் பிடித்து எஞ்சின் கத்தினால் அதிகமாகிவிட்டது, பழைய துளைக்கே இறக்குங்கள்.

பாரம், சாய்வு

கடைசியாக எப்போது படகை முழுக்கக் காலி செய்தீர்கள்? ஒருமுறை எல்லாவற்றையும் கரையில் இறக்கி எடை போடுங்கள். நனைந்த கயிறு, இரண்டாவது நங்கூரம், பழைய பேட்டரி, உருகிய ஐஸ்கட்டித் தண்ணீரோடு குளிர்பெட்டி. அடித்தளத்தில் தேங்கிய தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஐம்பது லிட்டர் தேங்கியிருந்தால் காசு கொடுக்காத பயணி ஒருவர் ஏறியிருக்கிறார் என்று பொருள். இறக்கக் கூடாதவையும் உண்டு: உயிர்காப்புச் சட்டைகள், நங்கூரம் ஒன்று, துடுப்பு, குடிநீர், பேசும் வானொலி (விஎச்எஃப்), தீயணைப்பான். இவற்றின் எடையில் ஒரு கிராமும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எல்லாரும் பின்னால் உட்கார்ந்தால் படகு சறுக்கலுக்கு ஏறாது. கிளம்பும்போது ஒருவரை நடுவுக்கு வரச் சொல்லுங்கள். எஞ்சினைப் பொத்தானால் சாய்க்கும் பவர் டிரிம் இருந்தால், கிளம்பும்போது எஞ்சின் காலை முழுக்க உள்ளே வைத்து, சறுக்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுங்கள். பிடியை அசைக்காமலேயே வேகம் அரை நாட், ஒரு நாட் என்று கூடும். அணியம் குதிரைபோல் மேலும் கீழும் ஆடத் தொடங்கினால் தாண்டிவிட்டது. பொத்தானை ஒரு தட்டுத் தட்டி உள்ளே இழுங்கள்.

இ-20 பெட்ரோல்

விலை ஏற்றத்தைவிட இது பல படகுகளை அதிகம் பாதிக்கிறது. இந்தியாவில் 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வரத் தொடங்கியது. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட இ-20 லிட்டருக்குள் ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறைவு. அதே காசுக்குத் தூரம் சற்றுக் குறையும். பெரும்பாலான அவுட்போர்டுக் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. உங்கள் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோரத்தில், பாதி காலியான டேங்கில், பகல் சூடு இரவு குளிர் என்று மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்குமேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சுகுழாய் இருப்பதும் அடியில்தான். எஞ்சினுக்குப் போவது பெட்ரோலே அல்ல. கிளம்பியதும் இருமி நிற்கும், அதுவும் முகத்துவார மணல்திட்டின் அலையில் நிற்கும். அங்கே எஞ்சின் நிற்பது உயிராபத்து.

வாங்கும் பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி அளவுக் கண்ணாடிக் குழலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் நிரப்பி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியிலிருக்கும் நீர்மட்டம் 10 இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறியிருந்தால் அது இ-20. அந்தக் கூடுதல் 18 மில்லி, 90 மில்லி பெட்ரோலிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்ட எத்தனால். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். அந்தப் பெட்ரோலை மறுபடி எஞ்சினில் ஊற்றக் கூடாது.

இ-20 தான் கிடைக்கிறது என்றால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வாரத்தில் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள். எஞ்சினுக்கு முன்னால் நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்று, 10 மைக்ரான், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாகப் பொருத்துங்கள். ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் கிண்ணத்தில் நீர் பிரிந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர்க் குழாயின் உள்தோல் எத்தனாலில் உரிந்து அடைக்கும். கைப்பம்பை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுப்பது அதன் முதல் அறிகுறி, குழாயை மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் எஞ்சினை ஒரு மாதம் நிறுத்திவைப்பதானால், நன்னீர் ஏற்றி உள்ளே கழுவும்போது எரிபொருள் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். தண்ணீர் ஏற்றாமல் ஓடவிட்டால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் கருகும், கவனம்.

விலை ஏறப்போகிறது என்று கேனில் வாங்கிச் சேர்ப்பது கெட்ட யோசனை. பெட்ரோல் கெடும் என்பது ஒருபுறம். பெட்ரோலியச் சட்டப்படி உரிமமின்றித் தனி ஒருவர் 30 லிட்டருக்குமேல் பெட்ரோல் வைத்திருக்கக் கூடாது. உலோகக் கலனும் 25 லிட்டரைத் தாண்டக் கூடாது. மண்ணெண்ணெய் கலப்பதும் கெட்ட யோசனைதான். மண்ணெண்ணெய்க்கென்றே வடிவமைத்த அவுட்போர்டுகள் மீனவர்களிடம் உண்டு, அவை வேறு. பெட்ரோல் எஞ்சினில் அதைக் கலந்தால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் ஓட்டையாகும். இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெயைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டருக்கு அரை லிட்டர், அதில் கை வைக்காதீர்கள். மீனவர்களுக்கு அரசு தரும் வரிவிலக்கு டீசலைப் பொழுதுபோக்குப் படகுக்கு வாங்குவதும் கூடாது. அது அவர்களுடைய பிழைப்புக்கானது.

காற்றும் நீவாடும்

சென்னைப் பக்கம் பெரும்பாலான மாதங்களில் காலையில் கடல் அமைதி, மதியத்துக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. ஆகவே காலையில் தெற்கே போய், மதியம் காற்றை முதுகில் வாங்கி வடக்கே திரும்புங்கள். எதிர்க்காற்றில் அலைக்கு அலை வேகத்தைக் குறைத்துக் கூட்டினால் படகு சறுக்கலிலிருந்து விழுந்து எழுந்து, அந்த அணியம் தூக்கிய வேகத்திலேயே பாதி நேரம் கழியும். இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல் நிலை முன்னறிவிப்பை முந்தைய இரவு பார்த்துவிடுங்கள்.

கிழக்குக் கரை நீவாடு, அதாவது நீரோட்டம், மார்ச், ஏப்ரலில் வடக்கு நோக்கியும் நவம்பர், டிசம்பரில் தெற்கு நோக்கியும் ஓடும். வேகமாகப் போகிறவரைவிட மெதுவாகப் போகிறவருக்கே இது பெரிய கணக்கு. ஒரு நாட் எதிர் நீவாட்டில் 16 நாட் படகுக்கு மைலுக்குச் செலவு 7 சதவீதத்துக்குள்தான் கூடும். 5 நாட் படகுக்கு நிலத்தின்மேல் கிடைப்பது 4 நாட். செலவு 25 சதவீதம் கூடிவிடும். நீவாடு எதிராக இருக்கும் நாளில் சறுக்கு வேகம், கூடவே வரும் நாளில் மெதுவேகம்.

படகு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. தண்ணீரில் லிட்டருக்கு 3.7 கிலோமீட்டர் என்று பார்த்தோம். படகை இழுத்துக்கொண்டு போகும் ஜீப்பு லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலும் அதைவிட இரண்டு மடங்கு. போக வேண்டிய இடத்துக்கு அருகில் தரை வழியாகப் போய் அங்கே படகை இறக்குங்கள்.

எதைக் குறைத்தாலும் சேமிப்பு எரிபொருளைக் குறைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல். 30 மைல் சுற்றுக்கு உங்கள் அளவு மைலுக்கு அரை லிட்டர் என்றால் 15 லிட்டர் அல்ல, 22.5 லிட்டர் ஏற்ற வேண்டும். மீதம் வருவதை வீடு திரும்பியதும் காரில் ஊற்றிக்கொள்ளலாம், எண்ணெய் கலக்காத பெட்ரோலாக இருந்தால். எஞ்சின் நின்று கரைக்கு வர வழியில்லை என்ற நிலை வந்தால் அழைக்க, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கைபேசியில் முன்பே பதிந்துவையுங்கள், வானொலியில் சேனல் 16.

எஞ்சினை மாற்றலாமா?

பழைய இரண்டு ஸ்ட்ரோக்கை விற்றுப் புதிய நான்கு ஸ்ட்ரோக் வாங்கினால் மிச்சமாகுமே என்று பலர் கேட்பார்கள். கணக்கு இதுதான். வருடம் 60 மணி நேரம் ஓட்டுகிறீர்கள், மணிக்கு 4 லிட்டர் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 240 லிட்டர், 24,000 ரூபாய். மாற்றுவதற்கு நான்கு லட்சம் ஆனால் போட்ட பணம் திரும்ப 16 வருடத்துக்குமேல் ஆகும். சத்தம் குறைவு, புகை இல்லை, நம்பகம் என்ற காரணங்களுக்காக மாற்றுங்கள், நல்ல காரணங்கள்தான். பெட்ரோலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதிக்குச் சரியான விசிறி, வடிகட்டி, புதிய பிளக், எஞ்சின் சூட்டை நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட் எல்லாம் வாங்கிவிடலாம். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடே ஏறாமல் கூடுதல் பெட்ரோலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மலிவான பாகம், பலரும் பார்க்க மறப்பது.

உப்பங்கழியிலும் ஏரியிலும் மட்டும் சுற்றுகிறவர் மின்மோட்டாரைத் தயங்காமல் யோசிக்கலாம். கேரளத்தில் வைக்கம், தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்ற சூரியமின் படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அமைதியான நீரில், மெதுவேகத்தில், திரும்பத் திரும்ப ஒரே தூரம் போகும் வேலை மின்சாரத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு அது சாட்சி. சிறு படகுக்கு 55 பவுண்டு உந்துவிசை கொண்ட 12 வோல்ட் மோட்டார் முழுப் பிடியில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதை இரண்டு மணி நேரம் ஓட்டும், பாதிப் பிடியில் அதைவிட வெகுநேரம். பேட்டரியை முழுக்க ஏற்ற ஒன்றரை யூனிட் மின்சாரம் போதும். ஈய-அமில பேட்டரியானால் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது, அதனால் அதே திறனுக்கு இரண்டு வேண்டும், எடையும் பல மடங்கு. பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர் போடுங்கள். கம்பி 5 மீட்டருக்கு மேல் ஓடினால் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பியாக இருக்கட்டும். மெல்லிய கம்பி போட்டால் சூடாகும், மோட்டாருக்கு வோல்டேஜும் போய்ச் சேராது.